பானெட்டைத் திறக்கும் முன் பாலிசியைத் திறந்து பாருங்கள்

மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் படங்கள் அனுப்பியிருந்தான். வெள்ளை நிற செடான், 2018 மாடல், பெட்ரோல். கீழே ஒரு வரி: "மாமா, சிங்கிள் ஓனர், 42 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. மார்க்கெட் விலையை விட ஒண்ணேகால் லட்சம் கம்மி. டோக்கன் அட்வான்ஸ் போட்டுடவா?"

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். இடித்த வண்டி, மூழ்கிய வண்டி, எரிந்த வண்டி எல்லாவற்றையும் நேரில் பார்த்து, எது உடைந்தது, கம்பெனி எவ்வளவு தரலாம் என்று ரிப்போர்ட் எழுதுவது வேலை. வண்டிகளை அவற்றின் மோசமான நாளில் மட்டுமே பார்த்துப் பழகியவன். அதனாலோ என்னவோ, யாராவது "சூப்பர் வண்டி" என்று படம் அனுப்பினால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றுவதில்லை. "ஆர்.சி.யும் பாலிசி காப்பியும் அனுப்பச் சொல்லு மாப்ளே" என்றேன்.

வந்தது. ஆர்.சி.யில் சிக்கல் இல்லை; உண்மையிலேயே முதல் ஓனர் பெயரில்தான் இருந்தது. பாலிசி 2024 ஜூனில் தொடங்குகிறது. முந்தைய பாலிசி விவரம் இருக்க வேண்டிய கட்டம் காலி. என்.சி.பி. பூஜ்யம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பார்க்காத இடம் இந்த என்.சி.பி. கட்டம். நோ கிளெய்ம் போனஸ். ஒரு வருடம் கிளெய்ம் போடாமல் ஓட்டினால் அடுத்த ரினீவலில் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50. நடுவில் ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ரினீவ் பண்ணாவிட்டாலும் பூஜ்யம். ஒரே ஓனரிடம் ஆறு வருடம் இருந்த, "ஒரு கீறல்கூட விழாத" வண்டியின் பாலிசியில் பூஜ்யம் என்று இருந்தால், கீறல் விழாத கதையை ஓரமாக வைத்துவிட்டு விசாரிக்க ஆரம்பிக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், பூஜ்யத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. சிலர் நிஜமாகவே ரினீவ் பண்ண மறந்துவிடுவார்கள். சிலர் தங்கள் என்.சி.பி.யைப் புதுக் காருக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அதே போல 50 சதவீதம் இருப்பதால் வண்டி இடிபட்டதே இல்லை என்றும் ஆகாது. சின்ன அடிகளைக் கைக்காசு போட்டு டிங்கரிங் பண்ணியிருக்கலாம். ஆனால் பூஜ்யம், அதோடு பாலிசியில் ஐந்தாறு மாத இடைவெளி, அந்த இடைவெளியும் ஒரு டிசம்பரை ஒட்டி விழுகிறது என்றால் எனக்கு ஒரே ஞாபகம்தான் வரும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அந்த வாரங்களில் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று நாளுக்குப் பத்துப் பதினைந்து வண்டிகள் பார்த்தேன். 2015 டிசம்பரிலும் இதே கதைதான். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ரூஃப் வரை மூழ்கிக் கிடந்த வண்டிகள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அதாவது 6 லட்சம் ஐ.டி.வி. உள்ள வண்டிக்கு எஸ்டிமேட் நாலரை லட்சத்துக்கு மேல் போனால், ஓனருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை சால்வேஜாக ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுப்பவர் எல்லாரும் உடைத்துப் பார்ட்ஸ் விற்பவர்கள் இல்லை. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி ரோட்டுக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையில் இருப்பதால் ஆர்.சி. அவர் பெயரிலேயே தொடரும். "சிங்கிள் ஓனர்" என்பது அப்போதும் பொய்யாகாது!

மச்சான் பார்த்த வண்டியை நானும் போய்ப் பார்த்தேன். விற்பவர், "கஸ்டமர் ரினீவ் பண்ண மறந்துட்டார் சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் டிரைவர் சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசிவரை இழுத்தேன். சாதாரணமாக நாம் அரை நீளத்துக்கு மேல் இழுப்பதில்லை. கழுவுகிறவர்களும் அங்கே வருவதில்லை. கடைசி ஒரு சாண் நீளத்தில் காபிக் கறை மாதிரி ஒரு கோடு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் பவுடர் போல் காய்ந்த வண்டல். சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் படாத இரும்புப் பிராக்கெட்டுகளிலும் துரு. உள்ளே ஏர் ஃபிரெஷ்னர் வாசனை தலைவலிக்கிற அளவுக்கு. நான் டிசம்பரில் பார்த்த வண்டிகளில் இதுவும் ஒன்றா தெரியாது. இருந்திருக்கலாம்.

"இன்ஜின் நல்லா ஓடுதே மாமா" என்றான். ஓடும்தான். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் விட்டிருந்தால் ஆயில் மாற்றி, சிலிண்டரைச் சுத்தம் செய்து இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம். ஸ்டார்ட் பண்ணினால்தான் ஆபத்து: காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். மூழ்கின செடானில் என் பயம் இன்ஜின் அல்ல, வயரிங். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலான கார்களில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும். தரையோடு ஒட்டி உட்காரும் செடானில் தண்ணீர் சீட் உயரத்துக்கு வருவதற்கு ஒரு நல்ல மழை போதும். கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பூக்க ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கும். அப்புறம் ஒருநாள் பவர் ஸ்டீயரிங் லைட் எரியும், இன்னொரு நாள் ஜன்னல் தானாக இறங்கும், எந்த மெக்கானிக்காலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

ஏர்பேக் பற்றி இன்னொன்று. பெரிய மோதலில் ஏர்பேக் வெடித்த வண்டியைக் குறைந்த செலவில் தேற்றுகிறவர்கள் புது ஏர்பேக் போடுவதில்லை. மூடியை மட்டும் மாற்றி, உள்ளே ஒரு ரெசிஸ்டரைச் சொருகி கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடுவார்கள். அல்லது எச்சரிக்கை விளக்கையே பிடுங்கிவிடுவார்கள். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். ரெசிஸ்டர் வேலையைக் கண்டுபிடிக்கக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் இரண்டாயிரம் மூவாயிரம் செலவானாலும் விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொல்கிறேன். நல்ல மெக்கானிக் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருப்பார். கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான். கதவில் 250 காட்டினால் மறு பெயின்ட், பில்லரில் (கூரையைத் தாங்கும் தூண்) 600 காட்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு). கதவு போனால் போகட்டும், கதவுக்குக் கீறல் விழுவது சகஜம். பில்லரும் ஏப்ரனும் (பானெட்டுக்குள் முன் சக்கரத்தை ஒட்டிய தகடு) ஒட்டுப்போட்டிருந்தால் அடுத்த மோதலில் அவை உங்கள் குடும்பத்தைத் தாங்காது.

மீட்டர் திருப்புவது பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சர்வீஸ் ஹிஸ்டரியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள், பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங் வழவழப்பையும் பாருங்கள், அவ்வளவுதான். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. 42 ஆயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் இரண்டாவது செட் டயரும் தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது.

எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம்: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டாதவர்கள் பழைய டீசல் செடான் பக்கம் போக வேண்டாம். பெட்ரோல் மேனுவல் மாருதி சியாஸோ ஹோண்டா சிட்டியோ போதும். சியாஸ் இன்ஜின் எர்டிகாவிலும் இருப்பதால் எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். பழைய சிட்டி என்றால் டகாட்டா ஏர்பேக் ரீகால் (பழுதுள்ள ஏர்பேக்கைக் கம்பெனியே மாற்றும் வேலை) நடந்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனியில் கேளுங்கள். இலவசமாக மாற்றித் தருவார்கள். வென்டோ, ரேபிட் டீசலிலும் சன்னி டீசலிலும் டைமிங் பெல்ட். மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், அறுந்தால் இன்ஜின் போயிற்று. அப்புறம் டெல்லி வண்டிகள். அங்கே 10 வருடத்துக்கு மேல் டீசலும் 15 வருடத்துக்கு மேல் பெட்ரோலும் ஓடக் கூடாது என்ற உத்தரவு வந்ததிலிருந்து லாரி லாரியாக இங்கே இறங்கின. விலை கம்மிதான். என்.ஓ.சி., தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ், மறு பதிவு எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் கம்மியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

என் வேலையில் மனசு வலிக்கிற கேஸ்கள் வெள்ள வண்டிகளில்கூட இல்லை. வாங்கின பிறகு பெயர் மாற்றாத வண்டிகளில்தான். ஒருவர் நண்பரிடமிருந்து கார் வாங்கினார். நல்ல வண்டி, நல்ல விலை. பணத்தைக் கொடுத்தார், சாவியை வாங்கினார், "ஆர்.சி. மெதுவா மாத்திக்கலாம், பாலிசி இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது மாதம் செங்கல்பட்டு பக்கம் லாரிக்குப் பின்னால் போய் முட்டினார். பாலிசி நடப்பில் இருக்கிறது, ஆனால் பழைய ஓனர் பெயரில். பழைய ஓனருக்கு அந்த வண்டியில் இனி நஷ்டம் ஏதும் இல்லை. புது ஓனருக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை. கிளெய்ம் தள்ளுபடி. ரிப்போர்ட் எழுதியவன் நான்தான். என் எதிரில் உட்கார்ந்து அவர், "பிரீமியம் கட்டியிருக்கே சார், கட்டியிருக்கே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சட்டம் சொல்வது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவுப்படி மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாகவே கை மாறும். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பீடு தானாக மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் என்.சி.பி. உங்களுக்கு வராது என்பதால் மீதிக் காலத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள். ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்குத்தான். ஓட்டும்போது அந்த ஓனர் இறந்தால் குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் அது.

விற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்ட வெற்று ஃபார்ம் 29, 30ஐக் கன்சல்டிங்காரரிடம் (பழைய கார் வாங்கி விற்பவர்) கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். யார் கையில் வண்டி இருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே சட்டத்தின் கண்ணில் ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொல்லிவிட்டது. தேதியும் நேரமும் எழுதின டெலிவரி நோட் வாங்கிக்கொள்ளுங்கள், ஃபாஸ்டாகை மூடுங்கள், பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாகன் செயலியில் நீங்களே பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்தால் அதை ஆன்லைனில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, பொறுப்பை டீலர் பெயருக்கு மாற்றும் வழி வந்திருக்கிறது. உங்கள் கன்சல்டிங்காரர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கிலேயே பதில் தெரியும்.

மச்சான் அந்த வெள்ளை வண்டியை விட்டுவிட்டான், இரண்டு நாள் என் மேல் கோபம். ஒன்றரை மாதம் கழித்து ஆபீசில் கூட வேலை செய்கிறவரிடம் 2017 பெட்ரோல் செடான் ஒன்று அமைந்தது. நேரான ஹிஸ்டரி, பாலிசியில் 50 சதவீதம் என்.சி.பி., பேங்க் லோன் முடிந்து எச்.பி. (லோன் அடமானக் குறிப்பு) கேன்சல் ஆன ஆர்.சி. மார்க்கெட் விலைக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. முதல் வாரத்திலேயே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

போன வாரம் போன் பண்ணினான். அபார்ட்மென்ட் சரிவில் இறங்கும்போது முன் பம்பர் உரசிக் கிழிந்துவிட்டதாம். "மாமா, கிளெய்ம் போடலாமா?" கணக்குப் போட்டுக் காட்டினேன். புது பம்பர் 8 ஆயிரம் என்று வைத்துக்கொள். பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், உன் வண்டி வயசுக்கு பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத) பாலிசி தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்கள், ஆக 4 ஆயிரம் உன் கையிலிருந்து. கட்டாயப் பிடித்தம் 1,000. அடுத்த வருஷம் வரவேண்டிய 20 சதவீதமும் போச்சு. ஒட்டி, டச்சப் பண்ணினால் மொத்தமே 2,500.

பெயின்டர் நம்பரை அனுப்பினேன்.