ஒரே சமன்பாடு, இரண்டு கிளைமாக்ஸ்

‘ஸ்னோபியர்சர் படம் பார்த்துவிட்டு அதன் மூலமான பிரெஞ்சு கிராஃபிக் நாவலையும் தேடிப் படித்தேன். முடிவு தலைகீழாக இருக்கிறது. சினிமாக்காரர்கள் ஏன் இப்படி மாற்றுகிறார்கள்? அதோடு, படத்தின் கடைசியில் வரும் அந்தப் பனிக்கரடி உயிரோடு இருக்க வாய்ப்பே இல்லையே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி சினிமா விமர்சகரிடம் போயிருக்க வேண்டியது. இரண்டாவதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டுக்குமான பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. பேச்சே முடிவைப் பற்றி என்பதால், பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மேலே படிக்கலாம்.

கதை தெரிந்ததுதான். பூமி உறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் மனிதர்கள் எல்லாம் நிற்காமல் ஓடும் ஒரு ரயிலுக்குள். முன்பெட்டியில் பணக்காரர்கள், கடைசிப் பெட்டியில் பஞ்சைப் பராரிகள். ஜாக் லோப் எழுதி, ழான்-மார்க் ரோஷெத் வரைந்த கிராஃபிக் நாவல் 1982-ல் தொடராக வரத் தொடங்கியது. அதில் புரட்சி எதுவும் கிடையாது. கடைசிப் பெட்டியிலிருந்து தப்பி வரும் புரோலோஃப் என்ற ஒற்றை ஆள் எஞ்சின் வரை போய்ச் சேர்கிறான். கூட வந்த பெண் குளிரில் இறக்கிறாள், பெட்டிகளில் நோய் பரவுகிறது, ஆளில்லாத ரயிலின் எஞ்சினுக்குக் காவலாக அவன் மட்டும் மிஞ்சுகிறான். வெளியே வெள்ளை, என்றென்றைக்கும் வெள்ளை.

போங் ஜூன்-ஹோவின் 2013 படத்தில் புரட்சி நடக்கிறது, குண்டு வெடிக்கிறது, பனிச்சரிவில் ரயில் கவிழ்கிறது. ஒரு இளம்பெண்ணும் ஒரு சிறுவனும் இறங்கிப் பனியில் கால் வைக்கிறார்கள். தூரத்தில் ஒரு பனிக்கரடி அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது. படம் முடிந்தது.

கிராஃபிக் நாவல்கள் சினிமாவாகும்போது முடிவு மாறுவது புதிதல்ல. ‘வாட்ச்மென்’ காமிக்ஸில் நியூயார்க்கை அழிப்பது செயற்கையாக உருவாக்கிய ராட்சதக் கணவாய் மீன் போன்ற ஒரு ஜந்து. 2009 படத்தில் அதைத் தூக்கிவிட்டு, டாக்டர் மன்ஹாட்டன் என்ற அதிமனிதப் பாத்திரத்தின் சக்தியைப் போலியாக உண்டாக்கிப் பல நகரங்களை வெடிக்க வைத்தார்கள். ‘வி ஃபார் வெண்டெட்டா’ காமிக்ஸில் ஆரம்பத்திலேயே தகர்ந்துவிடும் பிரிட்டிஷ் பாராளுமன்றம், படத்தில் கடைசிக் காட்சிக்காகப் பத்திரப்படுத்தி வைக்கப்பட்டது. கணவாயைப் பார்த்துத் தியேட்டரில் சிரித்துவிடுவார்களோ என்ற பயம், பெரிய வெடி கடைசியில் இருக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு, இப்படிக் காரணங்களை அடுக்கலாம். எனக்கு அவற்றில் பெரிய சுவாரஸ்யம் இல்லை.

ஸ்னோபியர்சர் விஷயம் வேறு. முடிவை மாற்றுவதற்கு முன்னால் இவர்கள் காரணத்தை மாற்றியிருக்கிறார்கள். பூமி ஏன் உறைந்தது என்பது காமிக்ஸில் பின்னணியில் மங்கலாகவே நிற்கிறது. படமோ தேதி போட்டுத் தொடங்குகிறது. 2014 ஜூலை 1. புவி வெப்பமாவதைத் தடுக்க சிடபிள்யூ-7 என்ற குளிரூட்டும் பொருளை 79 நாடுகள் சேர்ந்து வானத்தில் தெளிக்கின்றன. அளவு மீறிப் போகிறது. கதை நடப்பது 17 வருடம் கழித்து. இந்த ஒரு மாற்றம் போதும். கடைசிக் கரடி வரைக்கும் எல்லாம் இதிலிருந்து பின்னிக்கொண்டு வருகிறது.

எப்படி என்று பார்க்க, பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றை ஓட்டமாகப் போட்டுவிடுவோம். பூமிக்கு வரும் சூரிய ஆற்றலை இரவு பகல், துருவம் நடுக்கோடு எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் சதுர மீட்டருக்கு 340 வாட். அதில் 30 சதவீதம் மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டுத் திரும்பிவிடுகிறது. மிச்சம் 240 வாட். இந்த வருமானத்துக்குத் தகுந்த வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். பசுங்குடில் வாயுக்கள் போர்வையாக இருந்து 33 டிகிரி கூட்டுவதால் நாம் 15 டிகிரியில் சௌகரியமாக இருக்கிறோம்.

இப்போது திரும்பிப் போகும் அந்த 30 சதவீதத்தைக் கவனியுங்கள். இதற்கு ஆல்பிடோ என்று பெயர். புதுப் பனி தன் மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் திருப்பி அனுப்புவது 6 சதவீதம்தான். ஆக, குளிர் கூடினால் கடல் உறைகிறது. உறைந்த கடல் ஒளியை விரட்டுகிறது. விரட்டியதால் குளிர் இன்னும் கூடுகிறது. வட்டிக்கு வட்டி.

இதைச் சமன்பாடாக எழுதியவர் லெனின்கிராடில் இருந்த காலநிலை விஞ்ஞானி மிகயீல் புடிகோ. ஆண்டு 1969. அதே ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் தனியாக அதே முடிவுக்கு வந்தார். சூப்பர் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. காகிதத்தில் எழுதக்கூடிய கணக்கு. அது சொன்ன சேதிதான் பயங்கரமானது: பனியின் எல்லை ஒரு குறிப்பிட்ட அட்சரேகையைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு நிற்கவே நிற்காது, நடுக்கோடு வரை போய்த்தான் ஓயும். அந்தக் கோடு ஏறக்குறைய 30 டிகிரி என்று பின்னால் வந்த பல மாடல்கள் சொல்கின்றன. கெய்ரோ இருக்கும் இடம். நம் பக்கம் ஹரித்வார்.

ஏன் 30? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பூமி உருண்டை. துருவத்தின் அருகே ஒரு டிகிரி அகலப் பட்டை என்பது சின்ன வளையம்; அங்கே வெயிலும் சாய்ந்துதான் விழும். அந்தப் பட்டை வெள்ளையானால் நஷ்டம் கொஞ்சம். தெற்கே இறங்க இறங்க அதே ஒரு டிகிரிப் பட்டையின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது, விழும் வெயிலும் செங்குத்தாகிறது. பனி முன்னேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் முந்தைய டிகிரியைவிட நஷ்டம் அதிகம். சைன் 30 என்றால் அரை என்று மனப்பாடம் செய்தோமே, அதற்கு உருண்டையின் மேல் ஒரு பொருள் உண்டு: வடக்கு 30-க்கும் தெற்கு 30-க்கும் இடையில் இருப்பது பூமிப் பரப்பில் சரிபாதி. இரு பக்கமும் பனி அந்தக் கோட்டைத் தொடும்போது பாதி உலகம் வெள்ளை. மீதிப் பாதிக்கு அந்தக் குளிரைத் தாங்கும் வரும்படி இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், பனிப்பாளம் நியூயார்க் வரை, அதாவது 41 டிகிரி வரை வந்து, நின்று, திரும்பிப் போனது. எல்லையைத் தாண்டவில்லை, பிழைத்தோம்.

தாண்டியிருந்தால்? ஆல்பிடோ 60 சதவீதம் என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். வருமானம் 136 வாட். வெப்பநிலை மைனஸ் 52. காற்றில் நீராவியே இல்லாததால் போர்வையும் மெலிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, சூரியனை நாம் தொடவே இல்லை. அதே சூரியன், அதே 340 வாட். அதற்கே பூமிக்கு இரண்டு நிலையான விடைகள் இருக்கின்றன: நீலப் பூமி ஒன்று, வெள்ளைப் பூமி ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி, நடுவே ஒரு மேடு, ஒரு கோலிக்குண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் கிடக்கும் குண்டை லேசாகத் தட்டினால் ஆடிவிட்டு அங்கேயே நிற்கும். பலமாகத் தட்டி மேட்டைத் தாண்டவைத்தால் அடுத்த குழியில் விழும். தட்டிய விரலை எடுத்துவிட்டதால் அது திரும்பி வந்துவிடாது.

விரல், படத்தில் சிடபிள்யூ-7. ஸ்ட்ராட்டோஸ்பியரில், அதாவது மழைமேகங்களுக்கு மேலே இருக்கும் காற்றடுக்கில், தூவும் எந்தத் துகளும் அங்கே நிரந்தரமாகத் தங்காது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் துகள்கள் விழுந்து அடங்கின, வெப்பநிலையும் பழையபடி ஆனது. சிடபிள்யூ-7-ம் அதே வேகத்தில் விழுந்திருந்தால், 17 ஆண்டு கழிந்த கதையில் வானம் எப்போதோ சுத்தமாகியிருக்கும். இனி எல்லாமே, குண்டு மேட்டைத் தாண்டியதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தாண்டியது என்றால் லோபின் முடிவு. தாண்டவில்லை என்றால் போங்கின் முடிவு. ஒரே சமன்பாட்டின் இரண்டு விடைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எது நடந்திருக்கும்? கடல் லேசில் உறையாது. சூரியனை அடியோடு அணைத்துவிட்டு 240 வாட் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது என்று வைத்தால்கூட, மேல் 50 மீட்டர் நீர் ஒரு நாளைக்கு 0.1 டிகிரிதான் குளிரும். 25 டிகிரியில் இருக்கும் வெப்பமண்டலக் கடல் உறைநிலைக்கு இறங்கவே ஒன்பது பத்து மாதம் வேண்டும், அதுவும் கும்மிருட்டில், கீழிருந்து சூடு எதுவும் வராமல். நிலப்பரப்பு வாரங்களில் மரத்துப் போகலாம். கடல் இழுத்தடிக்கும். துகள்கள் விழுவதற்கும் கடல் உறைவதற்கும் நடுவே நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் கடல் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படத்தில் நாம்குங் மின்சூ என்ற பாத்திரம் வேறொரு சாட்சியம் சொல்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ரயில் அதே பாலத்தைக் கடக்கும்போது ஒரு விமானச் சிதைவைப் பார்த்து வருகிறானாம். பத்து வருடம் முன்பு வால் மட்டும் தெரிந்தது. இப்போது உடலும் இறக்கையும் தெரிகின்றன. ஆகவே பனி உருகுகிறது என்கிறான். இதை நான் ஏற்க மாட்டேன். பனி குறைவதற்கு உருக வேண்டும் என்று அவசியமில்லை. வறண்ட காற்றில் பனி நீராகாமலே நேரடியாக ஆவியாகும்; பதங்கமாதல் என்று பாடத்தில் கற்பூரத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான். அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் கடுங்குளிரிலேயே தரை வெறிச்சென்று கிடக்கிறது. முழுக்க உறைந்த பூமியிலும் விமானத்தின் வால் இப்படி வெளியே தெரியலாம்.

கரடியின் சாட்சியம் அப்படியல்ல. பனிக்கரடி முக்கியமாகத் தின்பது சீல்களை, அதிலும் வளையச் சீல்களை. இந்தச் சீல் பனிக்கு அடியில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வர வேண்டும். நகங்களால் சுரண்டிச் சுரண்டி, இரண்டு மீட்டர் தடிப்புள்ள பனியில்கூட மூச்சுத் துளையைத் திறந்தே வைத்திருக்கும். முழுதும் உறைந்த பூமியில் கடல்பனி நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்பு. எந்த நகமும் அங்கே எடுபடாது. கரடிக்குச் சீல் வேண்டும், சீலுக்கு மீனும் காற்றும், மீனுக்கு மிதவை உயிர்கள், அவற்றுக்கு வெயில். கொழுத்த கரடி ஒன்று நிற்கிறது என்றாலே எங்கோ கடல் திறந்திருக்கிறது, பனி அந்த 30 டிகிரியைத் தாண்டி ஓடிவிடவில்லை என்று பொருள். வெப்பமானி வைத்து அளந்ததைவிட இது நம்பகமான அளவீடு. (கடல் கண்ணுக்கே படாத மலைச்சரிவில் அதற்கு என்ன வேலை என்று மட்டும் கேட்காதீர்கள்.) இயக்குநர் இவ்வளவும் யோசித்தாரா என்பது எனக்கு முக்கியமே இல்லை, கணக்கு சரியாக விழுகிறது.

காமிக்ஸின் முடிவும் வெறும் சோகத்துக்காகச் சொன்ன சோகமில்லை. வெள்ளைக் குழியில் பூமி உண்மையாகவே விழுந்திருக்கிறது. நீண்டகாலம் அதை யாரும் நம்பவில்லை. விழுந்தால் எழவே முடியாதே, நாம் எப்படி இருக்கிறோம் என்று கேட்டார்கள். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கிர்ஷ்விங்க் 1992-ல் பனிப்பந்துப் பூமி என்று பெயரிட்டு வழியும் சொன்னார். எரிமலைகள் பனிக்கு அடியிலும் கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும். வழக்கமாக அதைக் கரைத்துக் கொண்டுபோவது மழையும் பாறையும். மழை இல்லை, பாறை பனிக்கடியில். வாயு சேர்ந்துகொண்டே போகிறது, இன்றைய அளவைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு ஆகும் வரை. பிறகுதான் உருகல். அப்படியான ஒரு உறைவு சுமார் 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. புரோலோஃப் காத்திருக்கலாம்தான். லோப் 1990-லேயே இறந்துவிட்டார். தன் கதையின் முடிவுக்கு இயற்பியலில் ஒரு பெயர் கிடைத்ததை அவர் பார்க்கவில்லை.

புடிகோவைப் பற்றி ஒன்று பாக்கி. பூமி உறைந்துபோகும் என்று கணக்குப் போட்ட அதே மனிதர்தான், 1970-களில், வெப்பமாதல் கைமீறினால் ஸ்ட்ராட்டோஸ்பியரில் விமானம் வைத்துக் கந்தகம் தூவலாம் என்றும் எழுதினார். படத்தின் பேரழிவும் அவருடையது, அதைக் கிளப்பிவிட்ட யோசனையும் அவருடையது. படத்தின் டைட்டிலில் ஒரு நன்றி போட்டிருக்கலாம்.

அந்த யோசனை இன்று கதையில்லை. ஹார்வர்டு விஞ்ஞானிகள் ஸ்வீடனில் ஒரு பலூனை ஏற்றிச் சின்ன அளவில் சோதிக்க நினைத்தார்கள். அங்குள்ள சாமி என்ற பழங்குடிகள் எதிர்த்தார்கள். 2024-ல் திட்டமே கைவிடப்பட்டது. பிரிட்டன் 2025-ல் இந்தத் துறைக்கு 5.68 கோடி பவுண்டு ஒதுக்கியது. இன்னொரு பக்கம், விமானத்தின் பின்னால் நீளும் வெள்ளைக் கோட்டை விஷத்தூவல் என்று நம்பும் கூட்டம். அது எஞ்சின் புகையின் நீராவி உறைந்த பனித்துகள். அந்த வதந்தியின் அலையில்தான் அமெரிக்க மாநிலங்களான டென்னசி 2024-லும் புளோரிடா 2025-லும் வானத்தில் எதையும் தூவத் தடைச் சட்டம் கொண்டுவந்தன. வெறும் கோட்டுக்குப் பயப்படுகிறவர்கள் சத்தம் போடுவதில், நிஜமாகவே கேட்க வேண்டிய கேள்விகள் அமுங்கிப் போகின்றன.

தூவுவதை நான் ஆதரிக்கவில்லை. தூவினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவதை முழுமூச்சாக ஆதரிக்கிறேன். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி பாலா போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கணினி மாடல்களில் இதைச் செய்துவருகிறார்கள். அந்த வேலைக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தால் குறைந்துவிட மாட்டோம். பினாடுபோவுக்குப் பிறகு வெப்பம் மட்டும் குறையவில்லை, அடுத்த ஆண்டு உலக நிலப்பரப்பில் மழையும் ஆறுகளின் நீரும் குறைந்தன. யாரோ ஒரு நாடு நாளைக்கு அரை டிகிரி குளிர்ச்சி வேண்டும் என்று தூவ ஆரம்பித்தால், தென்மேற்குப் பருவமழை எத்தனை சதவீதம் குறையும் என்ற விடையை அந்த நாட்டின் மாடலிடமே கேட்டு வாங்கும் நிலையில் நாம் இருக்கக் கூடாது.