ரத்தம் இல்லையா, அப்படியானால் பன்றி தப்பிவிட்டதா?

மதுரை மாவட்டம் பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவத்தில், மாட்டு வைத்தியம் பார்க்கிற எனக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று, மாடு பச்சைத் தட்டையைத் தின்று வயிறு உப்பிக் கிடக்கிறது என்று. இன்னொன்று இப்படி இருக்கும்: "ராத்திரி வெடிச்சத்தம் கேட்டுச்சு சார். பன்னிக்குப் பட்டுச்சா, தப்பிச்சிருச்சான்னு தெரியல. மாட்டை மேய விடலாமா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒருமுறை தப்பாகப் பதில் சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன்பு, சாப்டூர் மலைக்கு இந்தப்புறம் ஒரு கரிசல் காட்டில் கன்று போட முடியாமல் தவித்த பசுவைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, முந்தின இரவு யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டதாகவும், கொஞ்ச நேரம் டார்ச் அடித்துத் தேடிவிட்டுப் போனதாகவும் காட்டுக்காரர் சொன்னார். வரப்பு வழியாகக் கூட்டிப்போய்க் காட்டினார். தட்டைகள் சாய்ந்து கிடந்தன. குளம்படி ஆழமாகப் பதிந்து ஓடைப் பக்கம் இறங்கியிருந்தது. பத்துப் பதினைந்து அடி நடந்து பார்த்தோம், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "படலைண்ணே, சத்தத்துக்கு மிரண்டு ஓடியிருக்கு" என்றேன். அவரும் மாட்டை அவிழ்த்துவிட்டார்.

நான்காம் நாள் காலையில் கண்மாய்க் கரைச் சீமைக்கருவேலத்துக்கு மேல் பருந்துகள் சுற்றின. உடற்கூறு பார்க்க வனத்துறையினர் கூப்பிட்டதும் என்னைத்தான்.

வளர்ந்த ஆண் பன்றி. இடது விலாவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதற்குள் நன்றாகக் கொழுத்த புழுக்கள். ஆனால் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் ஈ முட்டைகள்தான் தேங்காய்த் துருவல் மாதிரி ஒட்டியிருந்தன. அங்கே ஒரு புழுகூட இல்லை. உயிரோடு இருக்கும் விலங்கு கண்ணிலும் வாயிலும் ஈயை அண்டவிடாது. செத்த பிறகு அங்கே இடும் முட்டை நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். அப்படியென்றால் காயத்துக்கு வயது மூன்று நாள், சாவுக்கு வயது சில மணி நேரம். குடலில் ஓட்டையோடு மூன்று நாள் அந்தப் பன்றி அங்கே உயிரோடு கிடந்திருக்கிறது. நான் மேயவிடச் சொன்ன மாடுகளும் அவற்றுக்குப் பின்னால் போன ஆட்களும் இருநூறு, முந்நூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்திருக்கிறார்கள்.

வயிற்றைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. குண்டு குடலைத் துளைத்து மறுபக்கத் தோலுக்கு அடியில் போய் நின்றிருந்தது. வெளியே வந்த ஓட்டையே கிடையாது. உள்ளே போன ஓட்டையையும் கொழுப்பு பிதுங்கி அடைத்துவிட்டது. வடிந்த ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே தேங்கி நின்றது. காட்டுப்பன்றிக்குத் தோல் தடிமன், அடியில் கொழுப்பு, மேலே ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிற அடர்ந்த மயிர். நன்றாகக் குண்டுபட்ட பன்றிகூட முதல் ஐம்பது மீட்டருக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் ஓடிவிடும். நான் பார்த்தது பதினைந்து அடி.

அதற்குப் பிறகு, 'தப்பிவிட்டது' என்ற வார்த்தையை நான் கடைசியாகத்தான் எடுக்கிறேன்.

ரத்தத்துக்கு முன்னால் தேட வேண்டியது மயிர். சுட்டபோது விலங்கு நின்ற இடத்தில் உட்கார்ந்து, மண்ணோடு முகம் வைத்துப் பார்க்க வேண்டும். தானாக உதிர்ந்த மயிரில் வேர் இருக்கும். குண்டோ ரவையோ அறுத்த மயிர் நறுக்கியது மாதிரி, வேர் இல்லாமல், ஒரே இடத்தில் கொத்தாகக் கிடக்கும். அப்படி நான்கு மயிர் கிடைத்தாலே போதும், பட்டிருக்கிறது.

கரிசலில் ரத்தம் காய்ந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஈரமான வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்தால் சிவப்பு ஏறும். காயம் கழுவ நாங்கள் வைத்திருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும். அதுவும் இல்லையா, எறும்பைப் பாருங்கள். வெறும் மண்ணில் எறும்பு மொய்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது. மக்காச்சோள இலையில் துருநோய்ப் புள்ளியும் தூரத்தில் ரத்தம் போலத்தான் தெரியும். எச்சில் தொட்டு விரலால் தேய்த்தால் ரத்தம் சிவப்பாக இழுபடும். (வெற்றிலை எச்சிலைப் பார்த்துவிட்டு வனக்காப்பாளர் ஒருவரும் நானும் அரை மணி நேரம் தடம் பிடித்துப் போன கதையும் உண்டு. தடம் டீக்கடையில் போய் முடிந்தது.)

ரத்தம் கிடைத்துவிட்டால் நிறம் பேசும். இளஞ்சிவப்பாக, சோப்பு நுரை மாதிரி குமிழோடு இருந்தால் நுரையீரல். விலங்கு அதிக தூரம் போயிருக்காது. கறுஞ்சிவப்பாக, கெட்டியாக இருந்தால் ஈரல். பச்சையோ பழுப்போ கலந்து, தின்ற சோளத்தின் துணுக்கோடு புளித்த வாடை அடித்தால் குடல். இதுதான் மோசம், நாள் கணக்கில் சாகாது. பளிச்சென்ற ரத்தம் முதலில் நிறைய விழுந்து, போகப்போகக் குறைந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் சதைக்காயம். எலும்புச் சில்லு கிடந்து, ஒரு குளம்படி மட்டும் இழுத்துக் கோடு போட்டிருந்தால் கால் போயிருக்கிறது. எச்சிலும் ரத்தமும் கலந்து, பல்லோ தாடைச் சில்லோ கிடந்தால் அது பெரும்பாலும் துப்பாக்கி வேலை இல்லை, தீனிக்குள் நாட்டு வெடி வைத்த அவுட்டுக்காய். வாய் சிதறிய விலங்கு ஓடும், நடக்கும், தண்ணீரில் போய் நிற்கும். தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதைந்து ஆற்றில் நின்றே செத்த கர்ப்பிணி யானையை நினைத்துப் பாருங்கள். மேய்ச்சல் மாடும் இதே காயைக் கடித்துவிட்டு என்னிடம் வரும். தாடையைத் தைத்துத் தர என்னால் முடிவதில்லை.

பார்த்த ஆள் இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் கேட்டதும் எப்படி ஓடியது என்று கேளுங்கள். துள்ளிக் குதித்ததா, முதுகை வளைத்து மெதுவாகப் போனதா, கூட்டத்தோடு போனதா, தனியாகப் பிரிந்ததா? வளைந்த முதுகு குடல்காயத்துக்கு அடையாளம். கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் சந்தேகம் வலுக்கும். விழுந்து உடனே எழுந்து ஓடினால் "சும்மா தடுக்கியது" என்பார்கள். முதுகெலும்பின் மேல்முனையை உரசினாலும் அப்படித்தான் விழுந்து எழும். அகப்பாட்டுத் தலைவன் தினைப்புனத்துப் பெண்ணிடம் "அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா" என்று கேட்டு வருவான், கெடுதி வினாதல் என்று அதற்குப் பெயர். அவன் வந்த காரணம் வேறு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

சுருக்கு விஷயத்தில் 'தப்பிவிட்டது' இன்னும் பெரிய பொய். பைக் கிளட்ச் ஒயரில் போட்ட சுருக்கு அறுந்து கிடந்தால், ஒயரின் மறுபாதி எங்கே என்று கேட்க வேண்டும். அது கழுத்திலோ காலிலோ இறுகிக்கொண்டு விலங்கோடு போயிருக்கிறது. ஒரு வேட்டைநாய்க்குக் காலில் அப்படி இறுகிய ஒயரை வெட்டி எடுத்தேன். ஒயர் எலும்பைத் தொட்டிருந்தது, அதற்குக் கீழே பாதம் கறுத்துச் செத்துவிட்டது. பன்றிக்கு வைத்த சுருக்கு, பன்றிக்கு மட்டும் என்று யாருக்கும் சொல்லாது.

சட்டத்துக்கு வந்தால், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது, சுருக்கு வைப்பது, காயப்படுத்துவது எல்லாம் வரும். கொல்லவோ பிடிக்கவோ செய்கிற முயற்சியும் வரும். குறி தப்பினாலும் வேட்டைதான். பயிரை அழிக்கும் பன்றிக்காக 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். சோளம் போன வயிற்றெரிச்சலில் ஆளைப் பிடித்துச் சுடச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஒரே இரவில் அரை ஏக்கர் சாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் காட்டில் காலையில் இப்படி ஒரு தடம் கிடந்தால்? விலங்கு நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டு, துணி கட்டுங்கள். பக்கத்தில் செருப்பை வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கூட்டம் சேர்த்து மிதிக்காதீர்கள். அன்றைக்கு மாட்டை வேறு பக்கம் ஓட்டுங்கள், ஓடை, கண்மாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம். காயம்பட்டது தண்ணீரும் நிழலும் தேடித்தான் போகும். வனக்காப்பாளருக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை பின்தொடராதீர்கள். விரட்டாமல் விட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். விரட்டினால் மைல் கணக்கில் போகும், அல்லது திரும்பிப் பாயும்.

நாயை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். கோம்பை நாய் பன்றிக்கென்றே பேர் போனதுதான். போன மாசிக்கு முந்தின மாசியில் அப்படி ஓடிப்போன ஒரு கோம்பைக்கு விலா முதல் தொடை வரை இருபத்தேழு தையல் போட்டேன். பன்றி தப்பிவிட்டது என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள்.