கனடாவின் பிரெய்ரியில் கோடை தொடங்குகிறது: பருவக் கணிப்பை நம்பி இன்றைய மாலையைக் கோட்டை விடாதீர்கள்

மே மாதக் கடைசியில் கோடைக்கால வானிலைக் கணிப்பு வெளியானதும் அந்த வண்ண வரைபடம் இங்கே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். பிரெய்ரி என்னும் புல்வெளிச் சமவெளியில் உள்ள எங்கள் சஸ்காட்செவன் மாகாணம் முழுக்க, சூட்டைக் குறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், ஆறு மாதக் குளிரில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. இந்த வருஷம் நல்ல வெயில் என்று கூடாரம், மீன்பிடித் தூண்டில் எல்லாம் வாங்கிவிடுவார்கள். நான் பிரின்ஸ் ஆல்பர்ட்டில் குடும்ப மருத்துவராக வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: இந்த ஊரில் கோடைத் தொடக்கத்தின் கெடுதல் எல்லாம் சில மணி நேரத்துக்குள் வந்து அடித்துவிட்டுப் போகிறது, அந்தச் சில மணி நேரம் எது என்று பருவக் கணிப்பு ஒருபோதும் சொல்லாது.

அந்தப் படம் சொல்வது இவ்வளவுதான். 1991 முதல் 2020 வரையிலான சராசரியை எடுத்துக்கொண்டு, வரும் மூன்று மாதம் அதைவிடச் சூடாக இருக்குமா, அதை ஒட்டியே இருக்குமா, குளிராக இருக்குமா என்ற மூன்றில் எதற்கு வாய்ப்பு கூடுதல் என்று காட்டுகிறது. ஒன்றுமே கணிக்காவிட்டாலும் மூன்றுக்கும் தலைக்கு 33 சதவீதம் வந்துவிடும், ஆகவே "சூடாக இருக்க 50 சதவீதம்" என்பது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மழை விஷயத்தில் இது இன்னும் பலவீனம், ஏனென்றால் இங்கே கோடை மழையில் பெரும்பகுதி இடிமேகங்களிலிருந்து திட்டுத் திட்டாகப் பெய்வது, ஒரு பண்ணையில் வெள்ளம் நிற்கும், இரண்டு ரோடு தள்ளித் தூசி பறக்கும். எல் நினோ, லா நினா என்று பசிபிக் கடல் சூடாவதும் குளிர்வதும் குளிர்காலத்தில் இந்தச் சமவெளியை நன்றாகவே ஆட்டிவைக்கும், கோடையில் அவற்றின் பிடி தளர்ந்துவிடும். விவசாயிக்கும் தீயணைப்புத் துறைக்கும் அந்த வரைபடத்தால் பயன் உண்டு. சனிக்கிழமை பிள்ளைகளோடு ஏரிக்குப் போகலாமா என்று யோசிக்கிற உங்களுக்கு அதில் பதில் கிடையாது.

பிரின்ஸ் ஆல்பர்ட் 53 டிகிரி வட அட்சரேகையில், பிரெய்ரி முடிந்து வடக்குக் காடு தொடங்குகிற விளிம்பில் இருக்கிறது. பக்கத்தில் கடல் இல்லை. ஆர்க்டிக் காற்றையும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றையும் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. ஜூன் மாதச் சராசரி என்று பார்த்தால் பகலில் 22 டிகிரி, இரவில் 8, 9 டிகிரி அளவில் வரும், ஆனால் அந்தச் சராசரி நாளை நீங்கள் அபூர்வமாகத்தான் சந்திப்பீர்கள். திங்கட்கிழமை 29 டிகிரியில் வியர்த்துவிட்டு, புதன்கிழமை விடிகாலையில் காரின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுவது ஜூன் முதல் வாரத்தில் நடக்கக்கூடியதுதான். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கோடைக்கென்று வரவழைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பருத்திப் புடவையும் வேட்டியும் போதும் என்று சொல்லி அழைத்துவராதீர்கள், ஸ்வெட்டரும் சாக்ஸும் பெட்டியில் இருக்கட்டும். இன்னொன்று, ஜூன் மூன்றாம் வாரத்தில் இங்கே பதினேழு மணி நேரம் பகல், இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், வயதானவர்களுக்குத் தூக்கம் கெட்டு இரத்த அழுத்தம் எகிறுவதை நான் பார்க்கிறேன். அவர்கள் அறைக்குத் தடித்த திரைச்சீலை போடுங்கள்.

சரி, புகைக்கு வருகிறேன். இதைத்தான் நான் நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் கோடைத் தொடக்கத்தில் எங்கள் ஊரில் மருத்துவமனைக்கு ஆட்களை அனுப்புவதில் இதற்குப் பெரிய பங்கு.

காட்டுத்தீ என்றால் ஆகஸ்ட் வெயிலில் வருவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மே மாதமே அபாயமான மாதம். பனி உருகிவிட்டது, புதுப் புல் இன்னும் தலைகாட்டவில்லை, போன வருஷத்துப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கிறது, ஊசியிலை மரங்களின் இலையில் ஈரம் ஆகக் குறைந்திருக்கும் சமயம் அது. அந்த இடைவெளியில் காற்று வறண்டு வெப்பமும் பலமான காற்றும் சேர்ந்துவிட்டால், ஒரு பொறி போதும். 2025-இல் அப்படித்தான் நடந்தது. மே 29 அன்று சஸ்காட்செவன் முழுமைக்கும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, ஜூன் 2 அன்று எங்களுக்கு வடக்கே சுமார் 240 கிலோமீட்டரில் இருக்கும் லா ரோஞ்ச் ஊரும் சுற்றுப்புறமும் காலி செய்யப்பட்டன, ஆயிரக்கணக்கானவர்கள் தெற்கே வந்து சேர்ந்தார்கள். கோடை என்று சொல்லத் தொடங்கும் முன்பே இவ்வளவும் நடந்தது. ஜூனில் நல்ல மழை பெய்தால் காடு கொஞ்சம் அடங்கும், அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் மறுபடி ஆரம்பிக்கும்.

தீ உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் நீலமாக இருந்த வானம், காற்று வடக்கிலிருந்து திரும்பினால் மத்தியானத்துக்குள் காவி நிறமாகிவிடும். அதனால்தான் "இன்று எப்படி" என்று ஒருமுறை பார்த்தால் போதாது என்கிறேன். கனடாவில் காற்றின் தரத்துக்கு ஏக்யூஎச்ஐ என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: 1 முதல் 3 வரை பயமில்லை, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை அபாயம், 10-க்கு மேல் மிக அபாயம். பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கும் அது மணிக்கு மணி வெளியாகிறது. ஆஸ்துமா, சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகள் 4-ஐத் தொடும்போதே வெளி வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஃபயர்ஸ்மோக் கனடா தளத்தில் அடுத்த இரண்டு நாள் புகை எந்தப் பக்கம் நகரும் என்று மணி வாரியாக ஓடவிட்டுப் பார்க்கலாம். முற்றத்தில் நடக்கும் பிறந்தநாள் விழாவை மத்தியானத்திலிருந்து காலைக்கு மாற்ற அது போதும்.

புகையில் இருக்கும் நுண்துகள்கள், 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, நுரையீரலின் அடி வரை போய் இரத்தக் குழாய்களையும் பாதிக்கின்றன. அதனால் புகை நாட்களில் மூச்சுத்திணறலோடு மாரடைப்பும் கூடுகிறது. அறுபது வயதுக்காரர் நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்னால் "எல்லாருக்கும் புகை, உனக்கு மட்டும் என்ன" என்று உட்கார வைக்காதீர்கள், 911-ஐ அழையுங்கள். ஆஸ்துமாக்காரர்களிடம் நான் வருஷா வருஷம் பார்க்கும் ஒரு விஷயம்: குளிர்காலம் முடிந்ததும் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தினசரி எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள். புகை வந்த அன்று அவசரத்துக்கு அடிக்கும் நீல இன்ஹேலரை மறுபடி மறுபடி அடிக்கிறார்கள். அந்தத் தினசரி மருந்து முழுப் பலன் தர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். மே மாதத்திலேயே அதை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தவரின் ஜூன் வேறு மாதிரி இருக்கும். நீல இன்ஹேலர் நான்கு மணி நேரம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்குள் என்ன செய்வது? வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறியைத் தொடர்ந்து ஓடும்படி வைத்து, உங்கள் ஃபர்னஸ் தாங்கும் என்றால் நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 ரக ஃபில்டர் போடுங்கள். ஒரு படுக்கையறையிலாவது ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஓடட்டும். காரில் உள்காற்றே சுற்றும்படி பொத்தானை அழுத்துங்கள். துணி முகக்கவசமும் நீல நிற சர்ஜிகல் முகக்கவசமும் இந்தத் துகளுக்கு லாயக்கில்லை, முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வேண்டும். அப்புறம் நம் வீடுகளுக்கென்றே ஒரு வார்த்தை: ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும் புகை நாளில் அப்பளம் பொரிப்பதும், மிளகாய் தாளிப்பதும், ஊதுபத்தி சாம்பிராணி போடுவதும் வீட்டுக்குள்ளேயே இன்னொரு புகையைக் கிளப்புவது. வெளியே தள்ளும் சிம்னியைப் போட்டால், அது தள்ளுகிற அளவுக்கு வெளிப்புகையை இடுக்குகள் வழியாக உள்ளே இழுக்கும். அந்த இரண்டு நாளுக்கு இட்லி, கஞ்சி என்று ஓட்டிவிடலாம், சாமிக்கு ஒரு பூ போதும்.

புகையும் வெயிலும் ஒன்றாக வரும் நாள் கஷ்டமான நாள். ஏசி இல்லாத மாடி வீட்டில் ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் புகை. வயதானவர்களுக்கு உடல் சூடேறுவதுதான் முதலில் உயிரை எடுக்கும், ஆகவே சூட்டைத்தான் முதலில் தணிக்கப் பாருங்கள். பேஸ்மென்ட் இருந்தால் அங்கே படுக்கட்டும், இல்லாவிட்டால் மத்தியானப் பொழுதை நூலகத்திலோ மாலிலோ கழிக்கட்டும்.

இப்போது ஏரி. வாஸ்கெசு, எம்மா, கேண்டில் எல்லாம் மே மாதம் வரை பனிக்கட்டி மூடிக் கிடந்த ஏரிகள். ஜூன் தொடக்கத்தில் காற்று 28 டிகிரி இருக்கும், தண்ணீர் இன்னும் ஆளை உறைய வைக்கும். நம் ஊர்க் கிணற்றிலும் ஆற்றிலும் நன்றாக நீந்தியவருக்குக் கூட இது புது அனுபவம். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், அவர் பிரபலப்படுத்திய 1-10-1 கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது, வாயைத் திறந்து இழுக்கும், அந்தச் சமயத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அடுத்த பத்து நிமிஷம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். அதாவது குளிரில் விறைத்துச் சாகும் முன்பே பலர் மூழ்கிப் போகிறார்கள், மிதவை உடுப்பு போட்டிருந்தால் அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். படகில் ஏறும்போதே அதை மாட்டி பக்கிளைப் போடுங்கள். காலடியில் கிடக்கும் உடுப்பைத் தண்ணீருக்குள் போய் மாட்ட முடியாது.

ஜூன் பின்பாதியில் இடிமழை. பகல் நீளமாக இருப்பதால் தரை நாள் முழுக்கச் சூடேறி, மேகம் கட்டி வெடிக்கும் நேரம் பெரும்பாலும் பின்மத்தியானமும் மாலையும், வேலை முடித்து நம் பையன்கள் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் அதே நேரம். இடி காதில் விழுந்தால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஓவரை முடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே வேண்டாம். கட்டடத்துக்குள் அல்லது தகரக் கூரை உள்ள காருக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழித்து வெளியே வாருங்கள். மரத்தடியும் கூடாரமும் பிக்னிக் கொட்டகையும் அடைக்கலம் இல்லை. யாராவது மின்னல் தாக்கி விழுந்தால் அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தொடலாம். பல பேர் விழுந்திருந்தால், முனகுகிறவர்களை விட்டுவிட்டு, மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பவருக்கு முதலில் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி, கொடுங்கள். மற்ற விபத்துகளுக்குச் சொல்லித்தருவதற்கு இது நேர் எதிர், ஆனால் மின்னலில் நின்றுபோன இருதயம் உடனே அழுத்திக் கொடுத்தால் திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு.

போனில் அலறும் எச்சரிக்கை பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பெரிய ஆபத்து என்றால் போன் சத்தம் போடும், இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். டொர்னாடோ என்னும் சுழற்காற்றுக்கான எச்சரிக்கைக்கு அது அலறும். இடிமழைக்கு, காற்று மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டினாலோ ஆலங்கட்டி பேஸ்பால் அளவு, சுமார் 7 சென்டிமீட்டர், இருந்தாலோதான் அலறும். அதற்குக் குறைந்த ஆலங்கட்டியும் மண்டையை உடைக்கும், காரின் கண்ணாடியை நொறுக்கும், போன் மௌனமாக இருக்கும். ஆகவே வெதர்கேன், சாஸ்க்அலர்ட் என்ற இரண்டு எச்சரிக்கை ஆப்களையும் போனில் ஏற்றி உங்கள் ஊருக்கான அறிவிப்பைத் திறந்து வையுங்கள். "வாட்ச்" என்றால் இன்று அப்படி வர வாய்ப்பு உண்டு, தயாராக இருங்கள் என்று பொருள். "வார்னிங்" என்றால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தீவிரத்துக்கு ஏற்ப நிறமும் சேர்த்திருக்கிறார்கள். மஞ்சளை அலட்சியம் செய்யாதீர்கள், பெரும்பாலான எச்சரிக்கைகள் அந்த நிறத்தில்தான் வரும். டொர்னாடோ என்றால் பேஸ்மென்ட், அது இல்லாத வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறை. கனடாவில் அதிக உயிர் குடித்த டொர்னாடோ 1912 ஜூன் 30 அன்று இதே மாகாணத்தின் ரெஜைனாவில் அடித்தது, 28 பேர் இறந்தார்கள். நாட்டிலேயே பதிவான ஒரே எஃப்5, அதாவது ஆகத் தீவிரமான வகை, டொர்னாடோ 2007 ஜூன் 22 அன்று மானிடோபாவின் ஈலி ஊரில் வந்தது. இரண்டும் ஜூன்.

கடைசியாக மருந்துப் பை. 2025-இல் வடக்கிலிருந்து கிளம்பி வந்தவர்களில் பலருக்கு மாத்திரையின் பெயர் தெரியவில்லை, "வெள்ளை மாத்திரை, சின்னது" என்றார்கள், அதை வைத்துக்கொண்டு நாங்கள் தேட வேண்டியிருந்தது. மே முடிவதற்குள் இரண்டு வார மருந்து, இன்சுலின் இருந்தால் அதற்கொரு குளிர்ப்பை, இன்ஹேலர், மூக்குக்கண்ணாடி, எல்லா மருந்துச் சீட்டுகளின் போட்டோவும் போனில் என்று எடுத்து வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் மாத்திரை அட்டைகளையும் படம் எடுங்கள், இந்திய, இலங்கைப் பிராண்டுப் பெயர்கள் இங்கே மருந்துக்கடைக்காரருக்குப் பழக்கமில்லை, அட்டையின் பின்பக்கம் இருக்கும் மூல மருந்தின் பெயர் படத்தில் தெளிவாக விழ வேண்டும். அவர்களுடைய பயண இன்சூரன்ஸ் எண்ணும் அதே இடத்தில் இருக்கட்டும். நள்ளிரவில் சந்தேகம் வந்தால் 811-ஐ அழைத்தால் நர்ஸ் ஒருவர் பேசுவார், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.