ஸ்வாஷ்பக்ளர்: சாகசக்காரர் இல்லை

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' (மஸ்கட்டியர் என்றால் அரசரின் காவல்படை வீரன்) நாவலை 2011இல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் படமாக எடுத்தார். அதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'சாகசப் படம்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வகைக்கு ஸ்வாஷ்பக்ளர் என்று பெயர்.

'ஸ்வாஷ்' என்றால் ஓங்கி அடிப்பது, அடி விழும் ஓசை. 'பக்ளர்' சிறிய வட்டக் கேடயம். 16ஆம் நூற்றாண்டில் இது ஒரு வசவு. கேடயத்தில் வாளைத் தட்டிச் சத்தம் எழுப்பி வம்புக்கு அலையும் சவடால் பேர்வழியைக் குறித்தது. கதாநாயகனுக்குப் பட்டமானதெல்லாம் பிறகுதான்.

சாகசம் வடசொல் என்பதல்ல என் குறை. அது எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. மலையேறினால் சாகசம், விமானத்திலிருந்து குதித்தால் சாகசம், பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டினாலும் சாகசம். போதாக்குறைக்குப் பாசாங்கு என்ற பொருளும் அதற்கு உண்டு. 'சாகசக்காரி' என்றால் யாரும் வீராங்கனையை நினைப்பதில்லை. இத்தனைக்கும் நடுவே சவடாலுக்கு இடமே இல்லை.

ஆனால் டூமாவின் நாவலில் உயிரே அந்தச் சவடால்தான். மூவரில் ஒருவனான போர்த்தோஸ் தங்க வேலைப்பாடுள்ள வாள்வார் அணிந்து வருகிறான். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி மேலே ஒரு போர்வை. கதாநாயகன் தார்த்தன்யான் அவசரத்தில் மோதி அந்தப் போர்வைக்குள் சிக்க, குட்டு உடைகிறது: முன்பக்கம் மட்டும்தான் தங்கம், பின்பக்கம் வெறும் தோல்! பகல் ஒரு மணிக்கு வாள்சண்டைக்கு வா என்கிறான் போர்த்தோஸ். (அதற்குள் இன்னொரு மஸ்கட்டியர் அத்தோஸ் அவனைப் பன்னிரண்டுக்கு அழைத்தாயிற்று.) 2011 படத்திலோ டா வின்சியின் வரைபடத்தை வைத்துக் கட்டிய பறக்கும் கப்பல்கள் பீரங்கியால் சுட்டுக்கொள்கின்றன. அது சாகசம்தான், மறுக்கவில்லை. ஸ்வாஷ்பக்ளர் இல்லை; படம் சப்பென்று போனதும் அதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு 'வாள்கேடயர்' என்று கட்டினால் நகைப்புதான் மிஞ்சும். மஸ்கட்டியர்கள் கேடயம் ஏந்திச் சண்டை போடுவதில்லை. படவகைக்குக் 'கத்திச்சண்டைப் படம்' என்று ஏற்கெனவே நம் வாயில் இருப்பதே போதும். ஆளுக்கு 'வாள்மிடுக்கன்' என்பேன். வீரமும் அலட்டலும் மிடுக்கில் சேர்ந்தே இருக்கின்றன.

அட்வென்சர், ஸ்டண்ட், டேரிங், ஸ்வாஷ்பக்ளர் நான்குக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டு, அப்புறம் தமிழில் சொல் போதவில்லை என்று புலம்புவதும் இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான்.