பிஸ்மார்க்கைத் தவறவிட்ட நேர்கோடு

1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பலை மூழ்கடித்த ஜெர்மானியக் கப்பல் பிஸ்மார்க், தெற்கு நோக்கி விரைந்தது. ராடார் உதவியுடன் அதைப் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் குரூசர் சஃபோக், நீர்மூழ்கிகளின் தாக்குதலைத் தவிர்க்க வளைந்து வளைந்து சென்றதால், மறுநாள் அதிகாலையில் அதைத் தவறவிட்டது.

தப்பிவிட்டோம் என்பதை ஜெர்மானியத் தளபதி லூட்யென்ஸ் அறியவில்லை. ராடார் அலை இலக்கைச் சென்றடையும்போது அதன் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது. எதிரொலியும் திரும்பும் வழியில் அவ்வாறே குறைவதால், அனுப்பிய கப்பலுக்குக் கிடைப்பது தொலைவின் நான்காம் அடுக்குக்கேற்பக் குறைந்த மிச்சமே. ஆகவே, தேடுபவரின் கருவியில் எதிரொலி மறைந்த பின்னரும் தேடப்படுபவரின் கருவி அந்த அலையை உணர முடியும். இன்னும் கண்காணிக்கப்படுகிறோம் என்று லூட்யென்ஸ் நம்பியதற்கு இதுவே காரணமாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த நம்பிக்கையில் அன்று காலை அவர் மிக நீண்ட வானொலிச் செய்தியொன்றை அனுப்பினார்.

ஒரு வானொலி அலை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் கரையோர நிலையங்களின் ஆன்டெனாக்கள் அளந்துவிடும். இரு நிலையங்களின் திசைக்கோடுகள் வெட்டும் இடமே கப்பல் இருக்கும் இடம். எனினும், நிலையங்கள் கிழக்கே ஒரே பக்கத்தில் அமைந்திருந்ததால் கோடுகள் மிகக் குறுகிய கோணத்தில் வெட்டின. அளவீட்டில் ஒரு பாகை பிசகினாலும் வெட்டுப்புள்ளி வெகுதூரம் நகர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வரைபடத்தில் இருந்தது. வானொலி அலை புவிக்கோளத்தின் மேல் மிகக் குறுகிய பாதையான பெருவட்டத்தின் வழியே செல்கிறது. மாலுமிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் மெர்கேட்டர் வரைபடத்தில், வடகோளத்தின் கிழக்கு மேற்குப் பாதைகள் வடதுருவத்தின் பக்கம் புடைத்த வளைவுகளாகவே தெரியும். நிலையத்தில் அளந்த திசையிலேயே அங்கு நேர்கோடு இழுத்தால், அந்தக் கோடு உண்மையான பாதைக்கு வடக்கே விலகிப் போகும். பெருவட்டங்கள் யாவும் நேர்கோடுகளாகவே விழும் நோமோனிக் வரைபடத்தில் இந்தப் பிழை நேராது.

பிரிட்டிஷ் தளபதி டோவியின் கப்பலான கிங் ஜார்ஜ் ஐந்தில் திசைகளைக் குறித்தவர்கள் சாதாரண வரைபடத்தையே கையாண்டனர். கடலோடிகளுக்கு இது பாலபாடம் என்பதால், போர்க்கால அவசரத்தைத் தவிர வேறு சமாதானம் தோன்றவில்லை. பிஸ்மார்க் பிரான்ஸை நோக்கித் தென்கிழக்கே சென்றுகொண்டிருக்க, டோவியின் கப்பல்கள் வடகிழக்கே திரும்பிப் பல மணி நேரத்தையும் அரிய எரிபொருளையும் இழந்தன.

பிழை திருத்தப்பட்ட பின்னர், மே 26 காலையில் கேட்டலினா கடல் விமானம் ஒன்று பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்தது. அன்று மாலை ஆர்க் ராயல் கப்பலின் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் வீசிய டார்பிடோ ஒன்று அதன் சுக்கானை முடக்கியிராவிட்டால், பின்தங்கிவிட்ட டோவியால் அதை எட்டியிருக்கவே முடியாது. மறுநாள் காலை பிஸ்மார்க் மூழ்கியது.