பிணைச்சல் பக்கம் நிற்கும் நாய்

கிளினிக் மூடும் நேரத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். நாய் வரவில்லை, போனில் வீடியோதான் வந்தது. வீடியோவில் இரவு இரண்டு மணி. 13 வயது நாய், லயத்து இஸ்தோப்புக் கதவின் திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, பிணைச்சல் இருக்கும் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஓர் ஊளை.

"நாய் ஊளையிட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு அடுத்த காம்பராவில சொல்றாங்க டொக்டர். தூங்க ஒரு குளிசை குடுங்க."

நாய் தூங்கட்டும் என்று, தடிமனுக்கு வாங்கிய பிரிட்டோன் குளிசையை ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருந்தார்.

நாய்க்கும் மூளை மூப்படையும். பகல் இரவு மாறிப்போகும், பழகிய வாசல் மறக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 11-12 வயது நாய்களில் 28 வீதமும் 15-16 வயதில் 68 வீதமும் இப்படி ஓர் அறிகுறியாவது காட்டின. ஆனால் இரவில் அழும் கிழட்டு நாய்க்கெல்லாம் இதே நோய் என்று நான் எழுதிவிட மாட்டேன். நம்மூர்க் குளிரில் இடுப்பு மூட்டு வலிக்கும், கண்ணில் புரை விழும், சிறுநீரகம் கெடும். குணம் ஓரிரு நாளில் திடீரென மாறினால் விசர்நோய் நினைவுக்கு வரவேண்டும். வாய்க்குள் கையை விடாதீர்கள்.

மறுநாள் நாயைக் கொண்டுவந்தார். இடுப்பில் வலி இருந்தது, கண் ஓரளவு தெரிந்தது, இரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. செலிஜிலின் எழுதினேன். மனிதருக்குப் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. நாயின் மூளை மூப்புக்கு அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. காலையில் ஒருவேளை. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நோயை மாற்றாது, அறிகுறியைக் குறைக்கும், அதுவும் எல்லா நாயிலும் அல்ல.

சீட்டோடு வாசல்வரை போன அக்கா திரும்பினார். "உண்ணிக்குக் கழுவுற தண்ணி மருந்தைத் தொடரலாமா?"

கேட்க மறந்தது நான். அது அமிட்ராஸ். செலிஜிலினோடு சேரவே கூடாது. வலிக்கு எழுதும் டிரமடோலும், பயத்துக்கு எழுதும் ஃபுளூவொக்செட்டின், குளோமிப்ரமினும் அப்படித்தான். ஃபுளூவொக்செட்டினை நிறுத்தினாலும் ஐந்து வாரம் கழித்தே செலிஜிலின் தொடங்கலாம். சீட்டை வாங்கிக் கிழித்தேன். கழுவுவதை நிறுத்தி, உண்ணிக்கு வாயால் கொடுக்கும் குளிசைக்கு மாற்றி, இரண்டு வாரம் விட்டுத்தான் தொடங்கினோம். வலிக்கு நாய்களுக்கென்றே உள்ள மருந்து. ஆள்கள் விழுங்கும் இபுபுரூபன் நாயைக் கொன்றுவிடலாம்.

நாய் தீபாவளி வெடிக்குப் பயப்படுகிறதென்று மயக்கக் குளிசை கேட்டு வருபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அசிபுரோமசின் என்ற மயக்கக் குளிசையை மட்டும் கொடுத்தால் உடம்புதான் தளரும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். ஆடாமல் கிடப்பதைப் பார்த்து நாம்தான் நிம்மதியடைகிறோம்.

இஸ்தோப்பில் இரவு முழுக்க ஒரு சின்ன பல்ப் எரியட்டும், படுக்கும் சாக்கை இடம் மாற்றாதீர்கள் என்றும் அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஆறு வாரம் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. நாய் இன்னும் பிணைச்சல் பக்கம்தான் போய் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்து சாக்கில் சுருண்டுகொள்கிறது.