கத்தி பட்டதால் வந்ததா?

நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு வந்து அமர்ந்தார். வலது மார்பில் கட்டி. இரண்டு முறை அறுத்தெடுத்தும் அதே இடத்தில் மூன்றாவது முறை. நான் தொட்டுப் பார்க்கும் முன்பே கேட்டுவிட்டார்: "கத்தி பட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதா டாக்டர்?"

இந்தக் கேள்வி வந்தாலே ஒரு காலத்தில் எனக்கு எரிச்சல் வரும். கத்தி பட்டுச் சாதாரணக் கட்டி புற்றாவதில்லை. ஆனால் அவருக்கு வந்திருந்த ஃபில்லோட்ஸ் கட்டியில், அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

1838-இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் யோகன்னஸ் முல்லர். வெட்டிப் பார்த்தால் உள்ளே இலைகளை அடுக்கியதுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். கிரேக்கத்தில் ஃபில்லோன் என்றால் இலை. மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இது தேறாது. இளம்பெண்களுக்கு வரும் நார்க்கட்டியைப் போலவே விரலுக்கடியில் உருளும், வலிக்காது. ஸ்கேனும் ஏமாறும். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் செல்களை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். தடித்த ஊசியில் சதைத்துண்டு எடுத்தாலும் சில நேரம் பிடிகொடுக்காது. எனக்குச் சந்தேகம் தட்டுவது வயதிலும் வேகத்திலும்தான். நார்க்கட்டி பெரும்பாலும் இருபதுகளில், இது நாற்பதுகளில். நெல்லிக்காயாக இருந்தது சில மாதங்களில் மாங்காயாகிவிட்டால் விடக்கூடாது.

நார்க்கட்டியைப் பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல் எடுத்துவிடலாம். ஃபில்லோட்ஸும் அப்படியே பிதுங்கி வரும். அங்கேதான் வினை. கண்ணுக்குத் தெரியாத அதன் நுனிகள் பக்கத்துச் சதைக்குள் ஓடியிருக்கலாம். விட்டுப்போனது மறுபடி வளரும், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். சிலருக்கு முன்னைவிட மூர்க்கமாக. இதில் சாது, இடைப்பட்டது, புற்று என மூன்று வகை. சாதுவான வகை முழுதாக வந்துவிட்டால் கண்காணிப்பே பெரும்பாலும் போதும். இடைப்பட்ட வகைக்கும் புற்று வகைக்கும் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் அளவு நல்ல சதையையும் சேர்த்தே எடுக்கப் பார்ப்போம்.

புற்று வகை ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகும். அக்குள் நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, போவது அபூர்வம். "அதையும் எடுத்துவிடுங்கள்" என்று உறவினர்கள் வற்புறுத்துவார்கள். தேவையில்லாமல் எடுத்தால் கைவீக்கம்தான் மிச்சம். வழக்கமான மார்பகப் புற்றுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை இதற்கு உதவாது, கீமோவாலும் பெரிய பலன் இல்லை. ஆக, முதல் கத்திதான் இங்கே முக்கால் வைத்தியம்.

அந்த அம்மாவின் பையில் இரண்டாவது அறுவையின் ஆய்வறிக்கை இருந்தது. 'இடைப்பட்ட வகை ஃபில்லோட்ஸ். வெட்டிய ஓரத்தைக் கட்டி தொட்டிருக்கிறது.' கட்டியில் கொஞ்சம் உள்ளேயே விட்டுப்போயிருக்கலாம் என்ற அதன் பொருளை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தையல் பிரித்ததோடு சரி.

மார்பகம் முழுவதையும் எடுத்தோம். இம்முறை அறிக்கை புற்று வகை என்றது. கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளாக நெஞ்சு ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது.

போன முறை வந்தபோது கேட்டார்: "முதலில் எடுத்ததும் இதே கட்டிதானா?" பையைக் கவிழ்த்துத் தேடினோம். அந்த அறுவைக்கென்று இருந்தது பணம் கட்டிய ரசீது மட்டும். எடுத்த கட்டியை ஆய்வுக்கே அனுப்பவில்லை.